கல்லில் விட்டுவைத்த பாதி

சுகிர்தராஜ் இந்த மதுரையில் தன் பெயரில் பதிந்து வைத்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதிலும் அவன் மனைவி ஹெப்சிபா ஏற்கெனவே படுத்திருந்தாள்.

சபையின் பழைய கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவில் இருக்கிறது. புதுக் குழி வெட்ட அங்கே இடம் தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே சபையார் ஒரு விதி வைத்திருந்தார்கள். அடக்கம் செய்து பதினான்கு வருடம் தாண்டிய குழியை, அதே குடும்பத்தில் இன்னொருவருக்காக ஒரே ஒருமுறை திறக்கலாம். யாருக்குத் திறப்பது என்பதைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை மூடிவிட்டால் அந்தக் கல்லறை நிறைந்தது. இடமில்லாதவர்களுக்கெல்லாம் அழகர்கோவில் சாலையில், ஊரைத் தாண்டி, சபை புதிதாக வாங்கிப் போட்டிருக்கும் தோட்டம்தான். தோட்டம் என்பது பெயருக்கு. வேலிக்கருவையும் சரளைக்கல்லும் தவிர அந்தப் பொட்டலில் ஒன்றும் கிடையாது.

ஹெப்சிபா இறந்த இரண்டாயிரத்து ஏழில் சுகிர்தராஜுக்கு முப்பத்தொன்பது வயது. பழைய தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த குழிகளில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. கல் கொத்துகிறவரிடம் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அவ பேரை மேல் பாதியில கொத்துங்க. கீழ விட்டுருங்க. அங்க நான் வருவேன்."

"இப்பவே என்னப்பா அவசரம்?" என்றார் அவர்.

"அவசரம் இல்லண்ணே. ஆனா இடம் இருக்கணும்ல."

கல் நட்ட அன்று அவன் அக்கா ஞானதீபம் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து அந்தக் கறுப்புக் கல்லை அளந்து பார்த்தாள். விட்டிருந்த வெற்றிடம் பதினாறு அங்குலம். மேலே கொத்தியிருந்ததும் பதினாறு. சரியாக இருந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி. எதுவானாலும் அளந்து பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். திருநகரில் முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அவள் தைத்த சட்டையில் ஒரு பக்கத்துக் காலர் மறுபக்கத்தைவிட ஒரு நூல் கூடியிருந்தது என்று எந்தத் தாயும் வந்து நின்றதில்லை.

தம்பியைவிட அவள் எட்டு வயது மூத்தவள். அம்மா போனபோது அவன் நான்காவது படித்துக்கொண்டிருந்தான். அவள் எட்டாவதை முடித்தபின் படிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டில் இருந்தவள்; அவனை வளர்த்தது அவள்தான். அதனால் தம்பியைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் ஒரு படி ஏறிவிடும். "என் தம்பி கட்டின காயிலு எரிஞ்சு திரும்பி வந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்" என்பாள். யாரும் சொன்னதில்லை. அவன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். உசிலம்பட்டியிலிருந்தும் எழுமலையிலிருந்தும் சம்சாரிகள் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பேருந்தின் பின்னால் ஏற்றிக்கொண்டு அவனைத் தேடி வருவார்கள். வழியில் பத்துக் கடை இருக்கும். அங்கெல்லாம் இறங்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஹெப்சிபாவின் கடைசி நாளன்று கட்டிலருகே இரண்டே பேர்தான் இருந்தார்கள். சுகிர்தராஜும் ஞானதீபமும். அவளுக்குப் பிள்ளை இல்லை. பெரிதாக ஒன்றும் அவள் கேட்கவுமில்லை. "எங்க அம்மா ஒத்தைல கெடக்கக் கூடாதுங்க" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சத்தியமும் செய்யவில்லை. அந்தத் தலையாட்டலைப் பார்த்த ஒரே ஆள் ஞானதீபம். பின்னாளில் கோபம் வரும்போதெல்லாம், அந்த நேரம் தான் காபி வாங்கப் போயிருக்கக் கூடாதா என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஹெப்சிபாவின் அம்மா செல்லத்தாய்க்கு எழுமலைப் பக்கம். புருஷனை முன்பே பறிகொடுத்தவள். ஒரே மகன் ஸ்டான்லி பெங்களூரில் இருந்தான். துக்கம் முடிந்த பத்தாம் நாள் அவன், "அம்மாவை ஒரு ரெண்டு மாசம் பாத்துக்கங்க மச்சான், வீடு மாத்தினதும் கூட்டிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மூன்று முறை வீடு மாறினான். செல்லத்தாய் மகபூப்பாளையத்தில் மருமகன் வீட்டிலேயே பதினேழு வருடம் இருந்தாள்.

அதில் கடைசிப் பதினொரு வருடம் படுக்கை. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு மட்டும் விழவில்லை. "பெத்த மகன் ராசாவாட்டம் இருக்கையில இந்தக் கம்பி கட்டுற பய கையால சோறு திங்கணும்னு எனக்கு எழுதியிருக்கு" என்று வாசல் வரை கேட்கச் சொல்வாள். அவன் குனிந்து வாயைத் துடைத்துவிட்டு, "இன்னொரு வாய் வாங்குங்கத்தை, அப்புறம் திட்டுங்க, தெம்பு வேணும்ல" என்பான். பக்கத்து வீட்டு ஜெயினம்பு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யாத்தே, எங்க வீட்டு ஆம்பளைக்கு இதுல கால்வாசி பொறுமை இருந்தா நான் கெடா வெட்டியிருப்பேன்" என்று குரல் கொடுப்பாள்.

விடிகாலை நாலரைக்கு எழுவான். விரிப்பை மாற்றி, உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு ஒன்பதுக்குக் கடை. மதியம் ஒருமுறை ஓடி வருவான். கூச்சமான வேலைகளுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தான். அவள் வராத நாட்களில் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு அவனே செய்தான். பதினொரு வருடத்தில் அந்தக் கிழவிக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை. இதை ஞானதீபம் சாட்சியாகச் சொல்வாள். மாதம் ஒருமுறை போய்ப் புரட்டிப் பார்த்தவள் அவள்தான்.

நடுவில் ஒரு சம்பந்தம் வந்தது. திருமங்கலத்தில் தமிழ்ச்செல்வி என்று ஒரு டீச்சர், கணவனை இழந்தவள், நல்ல மாதிரி. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கிழவியை மகனிடம் அனுப்பிவிட வேண்டும்.

"அதுல என்னடா தப்பு? அவ மகன் என்ன செத்தா போயிட்டான்?" என்று கேட்டாள் ஞானதீபம்.

"தப்பே இல்லக்கா. அவங்க கேட்டது நியாயம்தான்."

"அப்புறம்?"

"எனக்கு ஒத்து வராது."

நான்கு மாதம் அவள் தம்பியோடு பேசவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருநகர் வந்து, அவளுடைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டு, பேசாமலே போனான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வருடம் ஒருமுறை நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அவன் ஹெப்சிபாவின் கல்லைக் கழுவுவான். பெயர் உள்ள பாதியைக் கழுவிவிட்டு, பெயரில்லாத பாதியையும் அதே அக்கறையோடு துடைப்பான். குழி வெட்டும் சின்னான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்பான்: "என்னண்ணே, வீட்டைக் கூட்டியாச்சா?"

"கூட்டியாச்சுப்பா. குடி வாரதுதான் பாக்கி."

இப்படி இருக்கையில், போன வருடம் ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்த செல்லத்தாய் இரண்டாவது வாயை விழுங்காமல் போய்ச் சேர்ந்தாள். எண்பத்து நான்கு வயது.

ஸ்டான்லி மறுநாள் காலை ரயிலில் மனைவியோடும் கல்லூரியில் படிக்கிற மகளோடும் வந்து இறங்கினான். ஃப்ரீசர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். பொய்யழுகை என்று சொல்ல முடியாது. அழுது முடித்து முகத்தைக் கழுவியபின் சுகிர்தராஜை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டான். ஞானதீபமும் கூடவே போனாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"மச்சான், ஸ்டேஷன்லருந்து நேரா அந்தப் புதுத் தோட்டத்தைப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். நாய் நரி ஓடுது. அங்க எப்படி அம்மாவை வைக்கிறது?"

"ஆமா மாப்ள, பொட்டக்காடுதான்."

"அம்மா போன்ல எங்கிட்டச் சொல்லுச்சு. என்னைய என் மக கூட வச்சிரு, வேற எங்கயும் போட்டுறாதன்னு. அக்கா குழியைத் திறக்கலாமாமே. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா..."

ஞானதீபம் குறுக்கே புகுந்தாள். "ஏன் ஸ்டான்லி, அது யாருக்கு விட்டு வச்ச எடம்னு ஒனக்குத் தெரியாதா? கல்லுல பாதி வெறுமையா கெடக்கே, கண்ணுல படலையா?"

"தெரியும்க்கா. மச்சானுக்கு இன்னும் எம்புட்டோ வருஷம் இருக்கு. அதுக்குள்ள புதுத் தோட்டத்தைச் சரி பண்ணிருவாங்க. மரமெல்லாம் வைப்பாங்க." சொல்லிவிட்டு அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ராத்திரி ரயிலுக்குத் திரும்பச் சீட்டு எடுத்திருந்தான்.

அவள் தம்பியை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மூலையில் செல்லத்தாயின் கஞ்சிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்தியிருந்தது.

"போடாத. சொல்லிட்டேன். போட்டா நீ கருவேலங்காட்டுல கெடப்ப."

"அத்தை ஆசைப்பட்டிருக்குக்கா."

"அந்தக் கிழவி ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுச்சா? பதினேழு வருஷம் ஒன் மூஞ்சியைத்தான பாத்துட்டுக் கெடந்துச்சு? அவன் புளுகுறான்டா. ரயிலுக்கு நேரமாச்சு, அம்புட்டுத்தான்."

"புளுகுனாலும்..." அவன் கிண்ணத்தை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்து வைத்தான். "அந்தக் காட்டுல வச்சா ஒத்தைலதானக்கா கெடக்கும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஞானதீபம் பிடித்திருந்த கையை விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற இரண்டு பேரில் இவன் ஒருவன், தான் ஒருத்தி. செத்தவளுக்குக் கொடுத்த ஒரு தலையாட்டலுக்கு முடிவு எங்கே என்று அவளும் எத்தனையோ நாள் யோசித்ததுண்டு. கிழவி செத்தால் முடியும் என்றுதான் நினைத்திருந்தாள். அப்போதும் முடியவில்லை.

பதினொரு மணிக்குச் சபை அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். எழுத்தர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கப்புறம் திறக்க முடியாது, தெரியும்ல?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். "தெரியும் சார்" என்று இரண்டு முறையும் சொன்னான். முழுப் பெயரையும் அழகாக எழுதினான். அவனுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள் ஞானதீபம்.

நாலு மணிக்கு வீட்டு வாசலில், சாமியானாவுக்குக் கீழே அடக்க ஆராதனை. வழக்கப்படி செல்லத்தாயின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். ஸ்டான்லியின் மனைவி ரயிலில் வரும்போதே அதை இரண்டு தாளில் எழுதியிருந்தாள், மகள் வாசித்தாள். எழுமலையில் பிறந்தது, கல்யாணம், ஜெபக்குழு எல்லாம் இருந்தன. "தம் ஒரே மகன் ஸ்டான்லியின் அன்பிலும் ஆதரவிலும் முதிர்வயதைக் கழித்து" என்று வந்தது. மருமகள் பெயர் வந்தது. பேத்தி பெயர் வந்தது. காலஞ்சென்ற மகள் ஹெப்சிபா என்று ஒரு இடத்தில் வந்தது. அந்த ஹெப்சிபாவுக்கு ஒரு புருஷன் இருந்ததாக அந்தக் குறிப்பில் இல்லை.

முக்காட்டைப் பிடித்தபடி பின்னால் நின்ற ஜெயினம்பு ஞானதீபத்தின் தோளைச் சுரண்டினாள். "என்னக்கா, அண்ணே பேரைக் காணோம்? பக்கம் ஒட்டிக்கிருச்சா?"

ஞானதீபம் தம்பியைத் தேடினாள். சுகிர்தராஜ் வெயில் விழுகிற பக்கமாகப் பெட்டிமேல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு போதகர் பேசினார். இளவயதுக்காரர், சபைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, படித்தவர். எபிரெய மொழியில் ஹெசெத் என்று ஒரு சொல் இருப்பதாகச் சொன்னார். நம் வேதத்தில் அதைக் கிருபை என்றும் தயவு என்றும் இரக்கம் என்றும் இடத்துக்கு இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், எந்த ஒரு தமிழ்ச் சொல்லிலும் அது முழுதாக அடங்கவில்லை என்றார். "அது மனசு உருகுவது அல்ல. உருகின மனசு நாளைக்கு உறைந்துபோகும். ஒருவருக்குக் கை கொடுத்தாயிற்று என்ற ஒரே காரணத்துக்காகக் கடைசிவரை விடாமல் இருப்பது அது. அந்தப் பக்கத்துக் கை தளர்ந்தாலும், தட்டிவிட்டாலும், இந்தப் பக்கத்துப் பிடி தளராது."

ஞானதீபம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடமாகத் தம்பியிடம் இருந்த ஒன்றுக்குப் பெயர் தெரியாமல், சில நாள் பொறுமை என்றும், சில நாள் கிறுக்கு என்றும் சொல்லிவந்தாள். இதோ ஒருவர் அளவெடுத்துத் தைத்தது போலச் சொல்கிறார்.

போதகர் கையை நீட்டினார். "அப்படிப்பட்ட அன்பை இந்தத் தாயார் தம் மகனிடத்தில் கண்டார்கள்" என்று ஸ்டான்லியைக் காட்டினார். ஸ்டான்லி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். கூட்டத்தில் மகபூப்பாளையத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீடு ஆயிற்றே.

கல்லறைத் தோட்டத்தில் சின்னான் குழியைத் திறந்து வைத்திருந்தான். சுகிர்தராஜைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, "என்னண்ணே, ஒங்க வீட்டை விட்டுக் குடுத்துட்டீங்களே" என்றான். கேலியாகச் சொல்ல வந்ததுதான். பாதியில் அவன் குரல் மாறிவிட்டது. "விருந்தாளி வந்தா நாம உள்ளயே படுத்திருக்க முடியுமா, வெளிய படுத்துக்க வேண்டியதுதான்" என்று சிரித்த சுகிர்தராஜ், கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்க முதல் ஆளாக நின்றான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின், ஞானதீபம் போதகர் முன்னால் போய் நின்றாள். பதினேழு வருடத்தை ஒன்று விடாமல், தேதி வாரியாகச் சொன்னாள். அவர் முகம் கறுத்துப்போனது.

"எங்கிட்ட யாருமே சொல்லலையேம்மா."

"நீங்க யாருட்டயாவது கேட்டீங்களா?"

அவர் கையிலிருந்த வேதப்புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"நான் எட்டாவது படிச்சவ. அந்தச் சொல்லை எனக்கு எழுத வராது. ஆனா அது எத்தனை மணிக்கு எந்திரிக்கும், எந்தச் சோப்புப் போட்டு விரிப்பு தொவைக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்படி விடாம பிடிச்சிருக்கவனைத் திருப்பிப் பிடிச்சுக்க யாரு இருக்கா?"

"கடவுள் இருக்கார்மா."

"அவரு ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போடுவாரா?"

அந்தச் சூட்டோடு அவள் அலுவலகத்துக்குள் போனாள். அவளுடைய கணவரின் கல்லறையும் அதே பழைய தோட்டத்தில்தான் இருந்தது. பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. பதிவேட்டில் அவள் பெயர். அங்கே தனக்கு என்று வைத்திருந்த இடத்தைத் தம்பிக்கு எழுதிவைக்க வேண்டும் என்றாள். தான் பொட்டலுக்குப் போய்க்கொள்கிறாளாம். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டி அவள் பக்கம் திருப்பி வைத்தார். குடும்பம் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவியின் பெற்றோர். கூடப்பிறந்தவர்கள் அதில் இல்லை.

"அப்ப மாமியா வரலாம், தம்பி வரக்கூடாதா?"

"விதி அப்படித்தாம்மா இருக்கு."

இரண்டாம் தடவையும் விரல் வைத்து வாசித்தாள். ஒரு எழுத்துகூட அவளுக்குச் சாதகமாக இல்லை. தம்பியிடம் இதை அவள் சொல்லவேயில்லை.

ஸ்டான்லி பெங்களூரிலிருந்தபடியே கல் கொத்துகிறவருக்குச் செல்போனில் வாசகம் அனுப்பி வேலையை முடித்தான். பதினாறு அங்குலமும் நிறைந்தது. செல்லத்தாய் பெயர், பிறப்பு, இறப்பு, கீழே "என்றும் உங்கள் நினைவில் மகன் ஸ்டான்லி" என்று தொடங்கி மற்ற இரண்டு பெயர்கள். எழுத்துகளுக்குள் அடித்திருந்த வெள்ளை வண்ணம் மட்டமானது. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் உரிந்து ஓடிவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி தோட்டம் முழுக்கச் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. ஸ்டான்லி வரவில்லை, வேலை இருப்பதாகப் போன் வந்திருந்தது. சின்னான் அந்தப் பக்கமாக இரண்டு முறை போனான். இந்த வருடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. சுகிர்தராஜ் கல்லை மேலிருந்து கீழ்வரை கழுவினான். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து, மெல்லிய தூரிகையால் செல்லத்தாயின் பெயருக்குள் வெள்ளை நிரப்பத் தொடங்கினான்.

"அந்த வேலைய அவன் வந்து பாக்க மாட்டானாக்கும்?" என்றாள் ஞானதீபம்.

"பேரு அழிஞ்சா யாரு படுத்திருக்கான்னு தெரியாதுல்லக்கா."

"ஒன் பேரு?"

"எனக்கென்ன, அங்க பொட்டல்ல காத்து நல்லா வருமாம். இங்க அத்தை பேச்சைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் தெரியவில்லை. வெள்ளை எழுத்தைத் தாண்டிக் கறுப்பில் வழிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அவள் சேலையை இடுப்பில் செருகினாள். பிறகு, "இங்க குடு" என்று தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். செல்லத்தாயின் பெயரை முடித்தாள். தேதிகளை முடித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது கை நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அரைகுறையாக ஒரு வேலையை விட்டு எழுந்து அவளுக்குப் பழக்கமில்லை. தம்பி வேறு தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதினாள். "மகன்" என்ற சொல்லின் ஓரத்தில் வண்ணம் வெளியே வழிந்தது. ஞானதீபம் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சுற்றிலும் வழிந்ததை நூல் பிசகாமல் சுத்தமாகச் சுரண்டி எடுத்தாள்.